கான் எங்கே போய் முடிகிறது?

தெல்தெனிய என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது விக்டோரியா நீர்த்தேக்கம். 1978இல் வேலை தொடங்கி 1985இல் திறந்து வைக்கப்பட்ட விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். பிரித்தானியாவின் உதவியோடு மகாவலிக்குக் குறுக்கே எழுந்த அந்த அணைக்காகத்தான் ஹுலு கங்கைப் பக்கம் இருந்த பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. புதிய நகரம் மேட்டுநிலத்தில், கரல்லியத்தப் பகுதியில் அமைந்தது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய நகரின் சிதைவுகள் வெளியே தெரிவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

இவ்வளவு பெரிய வேலைக்குப் பக்கத்தில் வாழ்வதாலோ என்னவோ, பொறியியல் என்றால் அணை, சுரங்கம், நெடுஞ்சாலை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். நம் வீட்டு வாசலில் ஓடும் ஓரடிக் கானும், அதன் மேல் போட்ட கொங்கிரீட் பலகையும், பள்ளிவாசலுக்கு இறங்கும் பாதையும்கூடக் குடிசார் பொறியியல்தான். அணையைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வரும். கான் அடைபட்டால் செய்தி வராது. அயலவர்களுக்குள் சண்டை வரும்.

இக்கல்லூரியில் படித்து, பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியில் குடிசார் துறை கற்று, இன்று வீடுகளுக்கும் பாதைகளுக்கும் வரைபடம் வரைபவள் என்ற முறையில், தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடத்தை எழுத விரும்புகிறேன். அது இதுதான்: கானைக் கீழிருந்து மேலே கட்ட வேண்டும்.

மழையைக் கணக்கிடுவோம்

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது சரியாக ஒரு லீற்றர் நீர். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வடிகான் பற்றிய பாதிப் பாடம் முடிந்துவிடும்.

100 சதுர மீற்றர் கூரையுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 5,000 லீற்றர் நீர் வடியும். ஒரு குறுக்குப் பாதையில் 20 வீடுகள் இருந்தால் 1,00,000 லீற்றர். அதை 3,600 செக்கன்களால் வகுத்தால், ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறக்குறைய 28 லீற்றர். முற்றங்களிலும் மேட்டிலும் விழும் மழை இதில் சேரவில்லை.

இனிக் கானைப் பார்ப்போம். 30 சென்ரிமீற்றர் அகலமும் 20 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள கானில் நீர் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடினால், அது செக்கனுக்கு 60 லீற்றரைக் கொண்டு செல்லும். 28 லீற்றருக்கு இது தாராளம். ஆனால் அந்தக் கானில் பாதி ஆழத்துக்கு மண்ணும் பொலித்தீனும் கிடந்தால் இடம் பாதியாகிறது. வேகமும் குறைகிறது. அப்போது அது 30 லீற்றரையும் தாங்காது. நீர் பாதைக்கு ஏறும். புதிய கான் கட்ட வேண்டும் என்று நாம் மனுக் கொடுக்கும் பல இடங்களில் உண்மையில் தேவைப்படுவது ஒரு மண்வெட்டியும் ஒரு சனிக்கிழமைக் காலையும்தான்.

இன்னொரு விடயம். மண்பாதை மழையில் ஒரு பகுதியைக் குடித்துவிடும். கொங்கிரீட் பாதை குடிக்காது. 3 மீற்றர் அகலமும் 120 மீற்றர் நீளமும் உள்ள ஒரு பாதைக்குக் கொங்கிரீட் போட்டால், அதே 50 மில்லிமீற்றர் மழையில் அந்தப் பாதையிலிருந்து மட்டும் 18,000 லீற்றர் நீர் கீழே இறங்கும். ஆகவே பாதை போடும்போதே கானும் போட வேண்டும். கான் இல்லாத சரிவில் பாதையே கானாகிவிடும்.

கீழிருந்து மேலே

கான் வெட்டும்போது நமக்குத் தோன்றுவது, மேலே தொடங்கிக் கீழ்நோக்கி வருவதுதான். நீர் ஓடும் திசையும் அதுதானே! பணம் முடியும் இடத்தில் வேலையும் முடிந்துவிடும். அப்படி முடிந்த கான், அதுவரை பரந்து ஓடிய நீரையெல்லாம் ஒன்றுதிரட்டி ஒரே இடத்தில் கொட்டும். அந்த இடத்தில் ஒரு வீடு இருந்தால், கான் இல்லாத காலத்தைவிட அந்த வீட்டுக்கு இப்போது ஆபத்து அதிகம்.

அதனால்தான் வடிகானையும் கழிவுநீர்க் குழாயையும் இறுதி வாயிலில் தொடங்கி மேல்நோக்கிக் கட்டிச் செல்வது இத்துறையின் முறை. முதல் கேள்வி, இந்த நீர் எந்த ஓடையில், எந்த ஆற்றில் போய்ச் சேரும் என்பது. அதற்கு விடை கிடைத்த பின்னர்தான் அளவு நாடாவைக் கையில் எடுக்க வேண்டும். கீழே 40 மீற்றர் மட்டும் கட்டப் பணம் இருந்தால் அந்த 40 மீற்றரும் இன்றே பயன் தரும். அடுத்த வருடம் அதற்கு மேலே தொடரலாம்.

சரிவு கூடிய நம் ஊர்களில் மேலும் இரண்டு விடயங்கள் உண்டு. மிகச் செங்குத்தான இடத்தில் கானைச் சாய்வாக விட்டால் நீர் வேகமெடுத்து அடியை அரித்துவிடும்; அங்கே கானின் அடியைப் படிபடியாகக் கட்டி வேகத்தை உடைக்க வேண்டும். அடுத்து, வீட்டுக்காக மண்ணை வெட்டிய இடத்தில், வெட்டிய சுவருக்கு மேலே குறுக்காக ஒரு கான் வேண்டும். மேட்டிலிருந்து வரும் நீரை அது பக்கத்துக்குத் திருப்பிவிடும். அந்த நீர் மண்ணுக்குள் இறங்கி ஊறினால் மண்ணின் பாரம் கூடி, அதன் பிடி தளரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நமது கண்டி மாவட்டம் இழந்த உயிர்களையும் நாம் மறக்க முடியாது. ஒரு கானால் மலைச்சரிவைத் தடுத்துவிட முடியாது. ஆனால் தவறான இடத்தில் முடியும் கான் சரிவுக்குத் துணைபோகும். நிலத்தில் வெடிப்புத் தெரிந்தாலோ, திடீரென்று புதிய ஊற்றுக் கிளம்பினாலோ, மரங்களும் கம்பங்களும் சாய்ந்தாலோ கான் வெட்டும் யோசனையை விட்டுவிட்டு, வீட்டை விட்டு வெளியேறித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவிக்க வேண்டும்.

ஒரு குறுக்குப் பாதை

நான் வரைபடம் வரைந்து கொடுத்த ஒரு குறுக்குப் பாதையைச் சொல்கிறேன். பிரதான வீதியிலிருந்து வயலை நோக்கி இறங்கும் பாதை, 14 வீடுகள். பாதைக்குக் கொங்கிரீட் போட்டார்கள். மேலிருந்து கானும் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒதுக்கிய பணம் முடிந்தது. கான் கடைசி வீட்டுக்கு மேலே நின்றுவிட்டது.

அந்த வீட்டில் இருப்பவர் எல்லோரும் சாச்சி என்று அழைக்கும் ஒரு விதவைத் தாய். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்ப்பவர். அந்த வருட ஐப்பசி மழையில் அவருடைய குசினிக்குள் சேற்றுத் தண்ணீர் வந்தது. அடுப்பு நனைந்தால் அன்றைய வருமானம் இல்லை. வீட்டின் பின்பக்க அத்திவாரத்துக்குக் கீழே மண்ணும் அரிபடத் தொடங்கியிருந்தது. பாதையில் கூடி நின்று பேசினார்கள். மேல்வீட்டாருக்குப் பாதை கிடைத்த மகிழ்ச்சி; கீழ்வீட்டுக்கு ஏற்பட்ட நட்டம் அவர்கள் கண்ணில் படவில்லை.

கானை ஓடை வரை கொண்டுபோக இன்னும் 35 மீற்றர் தேவைப்பட்டது. நடுவே இருந்தது ஒரு சிங்கள விவசாயியின் காணி. அவர் மறுத்துவிட்டார் என்றே எல்லோரும் சொன்னார்கள். நேரில் போய்க் கேட்டபோது அவர் சொன்னது வேறு. "தண்ணி வரட்டும், குப்பை வரவேண்டாம்" என்றார். ஏற்கனவே அவருடைய வயல் வரம்பில் பொலித்தீனும் குழந்தைகளின் பம்பர்ஸும் ஒதுங்கிக் கிடந்ததைக் காட்டினார். மறுத்துப் பேச நம்மிடம் எதுவும் இருக்கவில்லை.

வரைபடத்தில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். காணிக்குள் நுழையும் இடத்தில் மண்ணும் குப்பையும் தங்குவதற்கு இரண்டடி ஆழமான ஒரு குழி; அதன் வாயில் கம்பி வலை. காணியின் நடுவால் போகாமல் எல்லை ஓரமாகவே கான். குழியை யார் எப்போது துப்புரவு செய்வது என்பதை எழுத்தில் போட்டு, கிராம உத்தியோகத்தரின் முன்னிலையில் இரு தரப்பும் கையொப்பமிட்டார்கள். சீமெந்தையும் மணலையும் வீட்டுக்கு வீடு பணம் சேர்த்து வாங்கினார்கள். வேலை ஓடைக்கரையில் தொடங்கியது. துப்புரவு முறை அட்டவணை பெண்களின் கையில் இருக்கிறது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தானே. கடைசியாக நான் போனபோது அவ்வாரத்துக்குரிய வீட்டின் மகள், தரம் ஒன்பது மாணவி, வலையில் சிக்கிய இலைகளை வாரிக்கொண்டிருந்தாள்.

கண்டியின் கான் நம்மிடம் வருகிறது

ஒரு பாதைக்குப் பொருந்துவது ஒரு நகரத்துக்கும் பொருந்தும். கண்டி வாவியின் மேலதிக நீர் மெத எல என்ற கால்வாயாக நகரின் நடுவே ஓடி, கெட்டம்பேயில் மகாவலியில் சேர்கிறது. மழைநீருக்கான அந்தக் கால்வாயில் நீண்ட காலமாகக் கடைகள், விடுதிகள், வீடுகள் ஆகியவற்றின் கழிவுநீரும் கலந்து வந்தது. மகாவலி அங்கிருந்து வளைந்து பொல்கொல்லைக்கு வருகிறது. அங்கே ஒரு பகுதி நீர் சுரங்கத்தின் வழியாக உக்குவெலைப் பக்கம் திருப்பப்படுகிறது. மீதி விக்டோரியாவுக்கு வருகிறது. அதாவது கண்டி நகரின் கான் முடியும் இடங்களில் ஒன்று நமது நீர்த்தேக்கம்.

இதைச் சீர்செய்வதற்காகவே ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தின் கடனுதவியுடன் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டத்தை மேற்கொண்டது. வீதிகளுக்குக் கீழே பதித்த குழாய்கள் கழிவுநீரைச் சேகரித்துக் கன்னொறுவையிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்கின்றன. சுத்திகரித்த பின்னரே நீர் ஆற்றுக்கு விடப்படுகிறது.

இங்கே ஓர் அடிப்படை விதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைநீரும் மலசலகூடக் கழிவுநீரும் இரண்டு வேறு நீர்கள். மழைநீர் ஓடைக்குப் போகலாம். மலசலகூட நீர் ஒருபோதும் கானுக்கு வரக்கூடாது. நம் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளில் அதற்கென்று குழி இருக்கிறது. குழி நிரம்பும்போது செலவுக்குப் பயந்து ஒரு பீ.வி.சி. குழாயை இரகசியமாகக் கானுக்குத் திருப்பிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த வீட்டாருக்கு அது இலாபமாகத் தெரியும். கீழ்வீட்டுக் கிணற்றுக்கு அது நஞ்சு. குழி எங்கே இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் கட்ட வேண்டும். சரிவில் தூரம் மட்டும் போதாது. குழி கிணற்றுக்கு மேற்பக்கம் இருக்கக்கூடாது.

கண்டி நமக்கு மேலே இருப்பதுபோல நமக்குக் கீழேயும் மனிதர்கள் இருக்கிறார்கள். விக்டோரியாவைக் கடந்த மகாவலி ரந்தெனிகலை, ரந்தம்பை, மினிப்பே, மஹியங்கனை என்று ஓடி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. வழியெல்லாம் வயல்கள், குளிக்கும் துறைகள், மீன்பிடிப்பவர்கள்.

மக்களே கட்டிய கான்கள்

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்க வேண்டுமா? நம் நாட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1984இல் ஆரம்பிக்கப்பட்ட பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தின்போது தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை ஒரு புதிய முறையைக் கையாண்டது. கிணறு, பொது மலசலகூடம், நடைபாதை, வடிகான் போன்ற சிறு வேலைகளைக் கேள்விப்பத்திரம் கோரி வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, அங்கே குடியிருப்போரின் சமுதாய அபிவிருத்திச் சபைக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தது. கட்டுபவரும் பயன்படுத்துபவரும் ஒருவரே என்பதால் சீமெந்தில் மண்ணைக் கலக்க யாருக்கும் மனம் வராது. சமுதாய ஒப்பந்தம் எனப்படும் இந்த முறை பின்னர் வேறு நாடுகளிலும் பின்பற்றப்பட்டது. யுத்தத்துக்குப் பின்னர் வடக்கின் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் பயன்பட்டது.

பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஒராங்கி என்ற மிகப் பெரிய குடியேற்றம் இருக்கிறது. அங்கே கழிவுநீர் சந்துகளில் திறந்து ஓடியது. 1980இல் அக்தர் ஹமீத் கான் என்ற அறிஞர் அங்கே ஒராங்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். அவர் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. ஒரு சந்திலுள்ள இருபது முப்பது வீட்டார் சேர்ந்து ஒரு பொறுப்பாளரைத் தெரிவு செய்ய வேண்டும். பணத்தைத் தாங்களே சேர்த்துத் தாங்களே செலவிட வேண்டும். திட்டத்தார் கொடுத்தது அளவீடும் வரைபடமும் கருவிகளும் ஆலோசனையும் மட்டும். இடைத்தரகும் தேவையற்ற ஆடம்பரமும் நீங்கியதும், ஏழைகளால் தாங்கக்கூடிய அளவுக்குச் செலவு இறங்கியது. வீட்டு மலசலகூடமும் சந்துக் குழாயும் மக்களின் பொறுப்பு. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இப்படிச் சந்து சந்தாகப் பல்லாயிரக்கணக்கான வீடுகள் குழாய் பதித்துக்கொண்டன.

அந்தத் திட்டத்தில் இளம் கட்டடக்கலைஞராகச் சேர்ந்து, பின்னர் அதை வழிநடத்தியவர் பர்வீன் ரஹ்மான் என்ற முஸ்லிம் பெண். சந்துக் குழாய்கள் எல்லாம் எங்கே போய் முடிகின்றன என்று அவர் கேட்டார். கராச்சியின் இயற்கை ஓடைகளை உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு அளந்து வரைபடமாக்கினார். நகரின் நீரும் காணியும் யார் கைகளுக்குப் போகின்றன என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. 2013 மார்ச் 13ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வரைந்து வைத்தவை இன்றும் பயன்படுகின்றன.

நமது மார்க்கத்தில் இது புதிய செய்தி அல்ல. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகவும், நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயலாகவும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்திருக்கிறார்கள். கலீபா ஹாரூன் அல் ரஷீதின் மனைவி சுபைதா, கூபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் ஹஜ் பாதையில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் அமைக்கவும், மக்காவுக்கு நீர் கொண்டுவரும் கால்வாய் வெட்டவும் பெரும் செல்வத்தைச் செலவிட்டார். அந்தப் பாதையும் கால்வாயும் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் குடிசார் துறை உண்டு. "இது ஆம்பிளைகளுடைய வேலை" என்று என்னிடமும் சொன்னார்கள். ஆனால் ஒரு பாதையின் கழிவுநீரை அளப்பதென்றால் குசினிக்குப் பின்னாலும் மலசலகூடத்துக்குப் பக்கத்திலும் போய்ப் பார்க்க வேண்டும். பகலில் ஆண்கள் இல்லாத வீட்டுக்குள் யார் போவது? அங்கே ஒரு பெண்ணால்தான் போக முடியும், கேட்க முடியும், அளக்க முடியும்.

செய்து பாருங்கள்

தங்கைமாரே, இதை வாசித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். உங்கள் பாதைக்கு ஒரு வரைபடம் செய்யுங்கள்.

1. மழை பெய்யும்போது வீட்டு வாசலில் நின்று, நீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பெருக்கெடுத்த ஓடைக்கோ மண் வெட்டிய மேட்டுக்கோ பக்கத்தில் போக வேண்டாம்.

2. மழை விட்ட மறுநாள், பெரியவர் ஒருவருடன் பாதை நெடுக நடந்து வீடுகள், கான்கள், மதகுகள், கிணறுகள், மலசலகூடக் குழிகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறியுங்கள். நீரோட்டத்தை அம்புக்குறியால் காட்டுங்கள்.

3. சாய்வை அளக்க மேசன்மார் பயன்படுத்தும் தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் போதும். காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு அளவுகோல்களோடு நிமிர்த்திப் பிடியுங்கள். இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து நிலம் வரை உள்ள உயரங்களின் வித்தியாசம்தான் சரிவு. ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது இறக்கம் இருந்தால், சிறிய கானில் நீர் தேங்காமல் ஓடும்.

4. நீர் இறுதியாகச் சேரும் இடம் வரை சென்று பாருங்கள். அங்கே இருப்பவரிடம், இந்த நீரால் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டு எழுதுங்கள். வரைபடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

5. கூரைகளின் பரப்பை அளந்து மழைக் கணக்கைச் செய்து பாருங்கள். இருக்கும் கான் போதுமா, அல்லது துப்புரவு செய்தாலே போதுமா என்று தெரிந்துவிடும்.

இந்த வரைபடத்தின் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் பெற்றோர் மூலம் கொடுங்கள். அளவுகளோடு வரும் கோரிக்கையை அவர்களால் உடனே மதிப்பீடு செய்ய முடியும். வேலை வரும்போது ஓர் விடயத்தை மட்டும் வலியுறுத்துங்கள்: பணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஓடைக்கரையிலிருந்து தொடங்குங்கள் என்று.

வல்ல அல்லாஹ் நம் ஊரின் நீரையும் நிலத்தையும், நமக்குக் கீழே வாழ்வோரையும் பாதுகாப்பானாக.